பாதி மட்கிய கப்பலின் முழு வடிவம் எப்படிக் கிடைக்கிறது?

கடலடியில் பாதிதான் மிஞ்சியிருக்கும்போது முழுக் கப்பலைக் கணினியில் எப்படி வரைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சிதைவைச் சுற்றி அசையாத புள்ளிகளை நடுவார்கள். ஒவ்வொரு மரமுனைக்கும் நான்கு புள்ளிகளிலிருந்தாவது டேப் பிடித்து அளப்பார்கள். இடத்தைச் சொல்ல மூன்றே போதும். நான்காவது, தப்பான அளவைக் காட்டிக்கொடுக்க. நீரோட்டத்தில் டேப் வில்லாக வளையும், கலங்கலில் 6 என்பது 8 ஆகத் தெரியும்! 1545-இல் மூழ்கிய இங்கிலாந்தின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை இப்படித்தான் அளந்தார்கள். இப்போது புகைப்படங்களைக் கோத்தே முப்பரிமாண உருவம் எடுத்துவிடுகிறார்கள்.

மேரி ரோஸ் வலப்புறம் சாய்ந்து சேற்றில் புதைந்ததால் அந்தப் பக்கம் தப்பியது. அதைக் கண்ணாடிபோல் திருப்பினால் இடப்பக்கம் ஏறக்குறைய கிடைத்துவிடும். ஆனால் பழைய சிதைவுகளில் மரம் பெரும்பாலும் தன் எடையிலும் மண்ணின் எடையிலும் விரிந்து தட்டையாகியிருக்கும். பலகையின் ஆணித்துளையும், அதைத் தாங்கும் விலா எலும்பு போன்ற விலாமரத்தின் துளையும் நேர்கோட்டில் வரும்வரை வளைவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பொறுமையைச் சோதிக்கும் வேலை அதுதான்.