ஸ்பீக்கர் ஊமையானால்…

கேள்வி: லேப்டாப்பில் இயர்போன் போட்டால் பாட்டு கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. விண்டோஸ் 11. ஸ்பீக்கர் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இயர்போனில் கேட்கிறது என்றால் சவுண்ட் சிப்பும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. முதலில் டாஸ்க்பாரில் ஒலி அடையாளத்தை வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, அவுட்புட் பகுதியைப் பாருங்கள். டிவியோ புளூடூத் கருவியோ தேர்வாகியிருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள்.

இயர்போனைக் கழற்றிய பிறகும் ஹெட்போன் என்றே காட்டுகிறதா? கோளாறு பெரும்பாலும் இயர்போன் செருகும் துளையான ஜாக்கில்தான். அதனுள் இயர்போனின் பின் செருகியிருப்பதை உணரும் சிறு தொடுமுனை உண்டு. தூசியால் அது சிக்கிக்கொண்டால், இயர்போன் இன்னும் மாட்டியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். மெஷினை அணைத்துவிட்டு, இயர்போனின் பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். ஊசி, ஹேர்பின் மட்டும் வேண்டவே வேண்டாம், தொடுமுனை வளைந்துவிடும். இதற்கும் மசியாவிட்டால் ஜாக்கைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு துல்லியம். மீட்டிங்கில் மட்டும் பழைய டெலிபோன் போல் கரகரக்கிறதே?

பதில்: ஹெட்செட்டின் மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமான புளூடூத், ஸ்டீரியோவைக் கைவிட்டு, தரம் குறைந்த மோனோவுக்கு (இரு காதிலும் ஒரே ஒலி) மாறிவிடும். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே தெளியும்.