தொடக்கப் பள்ளியில் கணினியும் இணையப் பாதுகாப்பும் சேர்ந்தே வரட்டும்

சின்ன வகுப்பில் கணினி கற்பிக்கும்போதே இணையப் பாதுகாப்பையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டும். தனிப் பாடமாக ஒதுக்கினால் அது வெறும் பயமுறுத்தலாகிவிடும்.

கணினிப் பகுதி எளிது. 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், 8 வயதிலிருந்து ஸ்கிராட்ச். இரண்டும், வண்ணக் கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் இலவச மென்பொருள்கள். திரையே இல்லாமல், ஒரு பிள்ளை கட்டளை சொல்ல இன்னொரு பிள்ளை நடந்து காட்டினாலும் அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை, புரிந்துவிடும்.

பாதுகாப்புக்குத்தான் நேரம் வேண்டும். ஸ்கிராட்ச்சில் கணக்கு திறக்கும்போதே, சொந்தப் பெயரைப் பயனர்பெயராக ஏன் வைக்கக் கூடாது என்று பேசிவிடலாம். கடவுச்சொல் பற்றியும் அப்போதே. ஏடாகூடமான படமோ செய்தியோ வந்தால் உடனே பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், காட்டிய பிள்ளையிடமிருந்து டேப்லெட்டைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை வாயே திறக்காது. இதைப் பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள்.