தையக்கடைக்கு எதுக்குங்க நாலு வருசப் படிப்பு?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். பேஷன் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். "தையக்கடை வைக்க எதுக்கு நாலு வருசப் படிப்பு?" என்கிறார் வீட்டுக்காரர். இந்தப் படிப்பால் ஊருக்கு என்ன பிரயோசனம்?
- ஒரு தாய், பெருந்துறை

பதில்: எங்கப்பாவும் இதையேதான் கேட்டாருங்க. அதனால் நான் படிக்காமலே திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய், பதினாறு வருசம் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு மாதிரி) வெட்டிவிட்டு, அப்புறம்தான் படித்து வகுப்பெடுக்க வந்தேன்.

கம்பெனியில் ஒரு தடவை இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு டி-ஷர்ட் ஆர்டர். பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கொடுத்த அளவுப்படி கழுத்து வெட்டினேன். டேப் வைத்தால் நூல் பிசகில்லை. டைலர் பக்கத்தில் கைமடி வேலை, அதாவது கையுதவி வேலை, பார்த்த ஒரு பொண்ணு, ரிப் (கழுத்துக்கு வைக்கிற இழுபடும் பட்டை) வைத்துத் தைத்த பீஸை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தது. "ஏனுங்க்கா, எம் பையன் தலை இதுக்குள்ள போகாதுங்க" என்றது. சார்ட்டில் அளவு சரியாக இருக்கிறதே என்று நான் நகர்ந்துவிட்டேன். சரக்கு அப்படியே திரும்பி வந்தது. சின்னக் குழந்தைக்கு உடம்புக்குத் தலை பெரிசு. கழுத்தளவோடு, ரிப் எவ்வளவு இழுபடும் என்றும் பார்க்க வேண்டும். இது டிசைன் படிப்பில் சொல்லித்தரும் பாடம். போடப்போகிறவர் யார், அவர் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். பதினாறு வருசத்தில் எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, சாயம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடியது உங்கள் பக்கத்திலும் தெரிந்திருக்கும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதற்குப் பட்டறைக்காரர்களைத் திட்டினோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரை யாரும் கேட்கவில்லை. பருத்தியில் கருப்பு, நேவி மாதிரி அடர்நிறம் ஏற்ற சாயமும் அதிகம், உப்பும் அதிகம். இது தெரிந்த பிள்ளை நிற அட்டையில் விரல் வைக்கும்போதே கொஞ்சம் யோசிக்கும்.

ஆனால் எல்லாக் கல்லூரியும் இதைச் சொல்லித்தருகிறதா என்றால், இல்லை. வருசக் கடைசியில் மேடையில் நடக்கவிட்டு போட்டோ எடுப்பதோடு முடிக்கிற இடங்களும் உண்டு. சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பேட்டர்ன் மேசை மேல் துணித் துண்டு கிடக்கிறதா, தூசி கிடக்கிறதா?

கேள்வி: அப்பா தறி ஓட்டுகிறார். எனக்கு ஓவியம் படிக்க ஆசை. சோறு போடுமா?
- ஒரு மாணவர், சென்னிமலை

பதில்: உத்தரவாதம் கிடையாது தம்பி. சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்ய, சோழமண்டலம் கலைக் கிராமத்தை 1966-ல் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம்ம கோயமுத்தூரில்தான். அங்கிருந்த ஓவியர்கள் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, விசாரித்துப் பார்.

உனக்குத் தறி தெரியும். அதை மறைக்காதே. ஒரு தடவை மாணவிகளைப் பவானிக்குக் கூட்டிப் போனேன். ஜமக்காளத்துக்கு ஒருத்தி அழகாக நெடுக்குக் கோடாக வரைந்து நீட்டினாள். நெசவாளர் சிரித்துவிட்டார். "பாவு உள்ள மறைஞ்சுருமுங்க அம்மணி, ஊடைதான் மேல தெரியும். குறுக்கால போடுங்க" என்றார். பாவு நெடுக்கு நூல், ஊடை குறுக்கு நூல். தடித்த ஊடை நூலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. உனக்கு அது வீட்டிலேயே விளங்கியிருக்கும்.

கேள்வி: பையனைப் பேஷன் படிக்க வைத்தால் கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்குமா?
- காங்கேயம் வாசகர்

பதில்: தோட்டம், கிணறு, காரு வைத்திருப்பவருக்கே கிடைக்காத காலமுங்க இது. படிப்பின் மேல் பழி போடாதீர்கள். "சட்டைப் பட்டன் பிஞ்சா மாப்பிள்ளையே தெச்சுக்குவாரு" என்று தரகரிடம் சொல்லிப் பாருங்கள்.