ஐஸ் பாரும் கர்லிங் கல்லும்: வாசகர் கேள்வி பதில்

2026 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான், கோர்ட்டினா ஊர்களில் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதி பனியைப் பற்றித்தான். தென்னையும் ரப்பரும் கடலும் உள்ள நம் குமரி மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் கண்விழித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "நீங்கள் கிட்டத்தில் பார்த்த பெரிய விளையாட்டு வீரர் யார்?" என்று போன இதழில் கேட்டிருந்தேன், அதற்கும் நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை. மனசில் நின்றதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

நான் பனியையே பார்த்ததில்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் மேல் இசைக்கு ஆடுவது) பார்க்க நடுராத்திரி வரை உட்கார்ந்திருந்தால், "உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அம்மா திட்டுகிறார். என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, தக்கலை

உலகக் கோப்பை கால்பந்து வந்தால் நம் கடற்கரை ஊர்களில் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் வீட்டுக்கு வீடு பறக்கிறது. அந்த நாடுகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிடித்திருக்கிறது, பார்க்கிறோம், அவ்வளவுதான். ராத்திரி ஆகிவிடுவதும் உங்கள் தப்பு இல்லை. இத்தாலி கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அங்கே இரவு எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே பன்னிரண்டரை.

ஒரு நாள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீரர் எகிறும்போது முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற தாவல்களுக்கெல்லாம் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே எழும்புவார்கள். ஆக்ஸல் என்ற தாவல் ஒன்றுக்குத்தான் முன்பக்கம் பார்த்தபடி எழும்பி, பின்பக்கமாக இறங்க வேண்டும், அதனால் அரைச் சுற்று கூடுதல். நான்கு சுற்று ஆக்ஸல் என்றால் காற்றில் நாலரைச் சுற்று. ஜப்பானின் யுசுரு ஹன்யு 2014, 2018 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வாங்கியவர், 2022 பீஜிங்கில் அதை முயன்று விழுந்தார், நான்காவது இடம்தான் கிடைத்தது. விழுந்தவுடன் எழுந்து இசையைப் பிடித்துக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடி முடித்தாரே, அதை அம்மாவுக்குக் காட்டுங்கள். அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின் என்ற பையன் பதினேழு வயதில் அந்தத் தாவலைப் போட்டியில் சுத்தமாக இறக்கிவிட்டார்.

கர்லிங் பார்த்தேன், ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்துகிற ஆட்டம். எங்கள் பிளாண்டில் ஐஸ் பார் தள்ளுகிற மாதிரியே இருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் எதற்கு இப்படி விழுந்து விழுந்து பெருக்குகிறார்கள்?
– ஐஸ் பிளாண்ட் தொழிலாளி, குளச்சல்

அண்ணா, இந்தக் கேள்வியை உங்களைவிடப் பொருத்தமான ஆள் கேட்டிருக்க முடியாது. உங்கள் தொழிலை நான் நின்று பார்த்திருக்கிறேன். உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து கேனைத் தூக்கி, சாதாத் தண்ணியில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் ஐம்பது கிலோ பார் வழுக்கென்று வெளியே வரும். ஈரத் தரையில் கொக்கியால் லேசாக ஒரு இழுப்பு, அது பாட்டுக்குக் கிரஷர் வாய் வரைக்கும் போகும். அதே பார் காய்ந்த சிமெண்டில் ஏறிவிட்டால் ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் கனக்கும். இடையில் அந்தத் தண்ணிப் படலம் இருக்கிறதா இல்லையா, விஷயம் அதில்தான் இருக்கிறது.

கர்லிங் தரை கண்ணாடி மாதிரி வழவழப்பானது இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிப்பார்கள், அவை உறைந்து சின்னச் சின்ன மணிகளாக நிற்கும். கல் அந்த மணிகளின் தலைமேல்தான் ஓடுகிறது. பிரஷை அழுத்தி வேகமாகத் தேய்த்தால் மணிகளின் தலை கொஞ்சம் சூடாகும், உராய்வு குறையும், கல் சில மீட்டர் தூரம் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். கத்திக்கொண்டே இருக்கிறாரே கேப்டன், அவர் "தேய், நிறுத்து" என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். கல் சுமார் இருபது கிலோ வரை இருக்கும். ஒலிம்பிக் கல்லுக்கான கருங்கல் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் கடலுக்குள் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற ஒரு சின்னத் தீவிலிருந்து வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இது தீராத ஆச்சரியம். ஒரு டம்ளரைக் கவிழ்த்து மேசையில் வலப்பக்கமாகச் சுற்றிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், இடப்பக்கமாக வளையும். கர்லிங் கல்லை அதே மாதிரி சுற்றிவிட்டால் வலப்பக்கமாக வளைகிறது. ஏன் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பிளாண்டில் ஓய்வு நேரத்தில் ஒரு பாரைச் சுற்றிவிட்டுப் பார்த்து எழுதுங்கள், கண்டிப்பாகப் பிரசுரிக்கிறேன்.

பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீர் குல்மர்க்கில் கொஞ்சகாலம் இருந்தேன். அங்கே பயிற்சி எடுத்த ஒரு பனிச்சறுக்கு வீரர் தினமும் விடியுமுன் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கி ஊற்றி, தேய்த்து, சுரண்டி, மறுபடி தேய்ப்பார். ஒரு நாள் என்னிடம் கொடுத்து, "தடவிப் பார்" என்றார். குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. அவர் எந்தப் பதக்கமும் வாங்கினதாகத் தெரியவில்லை. நம் நாட்டிலிருந்து யாராவது பெரிதாக வந்திருக்கிறார்களா?
– முன்னாள் ராணுவ வீரர், அருமனை

ஐயா, கடிதத்துக்கு நன்றி. அந்தக் கன்னம் என்ற வார்த்தையை ரெண்டு தடவை வாசித்தேன்.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு இதுவரை பதக்கம் கிடையாது, ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. 1964 இன்ஸ்புருக்கில் போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி நமக்காக இறங்கினார், அவர்தான் முதல் ஆள். அப்புறம் சிவ கேசவன். மணாலியில் பிறந்தவர், அப்பா மலையாளி, அம்மா இத்தாலிக்காரர். லூஜ் என்ற சறுக்குவண்டியில் 1998 நகானோ முதல் 2018 பியோங்சாங் வரை ஆறு ஒலிம்பிக். முதல் தடவை போனபோது வயது பதினாறு. நம் நாட்டில் லூஜுக்கான ஐஸ் பாதை கிடையாது என்பதால் வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிக்கொண்டு, இமயமலைச் சாலையில் லாரிக்கும் ஆட்டுமந்தைக்கும் நடுவில் மல்லாக்கப் படுத்துப் பயிற்சி எடுத்தார். 2014 சோச்சியில் பயிற்சி ஓட்டத்தின்போது வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, வண்டியை விடாமல் பிடித்து, ஓடுகிற ஓட்டத்திலேயே மறுபடி ஏறிப் படுத்து முடித்தார். அந்தச் சமயம் நம் ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால் தேசியக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் அவர் போட்டியிட வேண்டியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் குல்மர்க்கிலிருந்தே வந்தவர் ஆரிஃப் கான். அவருடைய அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்தவர். 2022 பீஜிங்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் இவர், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மலையிறங்குகிற ஜயன்ட் ஸ்லாலமில் 45வது இடம். அன்றைக்குக் கொட்டுகிற பனியில் எத்தனையோ பேர் பாதியில் விழுந்து வெளியேறினார்கள், இவர் இரண்டு ஓட்டமும் முடித்தார். 45வது இடம் என்றால் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஒலிம்பிக்கில் 45வது, ஐயா.

உங்கள் நண்பர் பதக்கம் வாங்காவிட்டால் என்ன? விடியுமுன் எழுந்து மெழுகு தேய்க்கிற ஆளை உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். டிவி அதைக் காட்டாது.

லூஜ், ஸ்கெலிட்டன், பாப்ஸ்லே மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.
– பேருந்து நடத்துநர், திங்கள்சந்தை

மல்லாக்கப் படுத்து, கால் முன்னால் போனால் லூஜ். குப்புறப் படுத்து, தலை முன்னால் போனால் ஸ்கெலிட்டன். உட்கார்ந்து போகிற கூடு வண்டி பாப்ஸ்லே. லூஜில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போவார்கள், நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள்.

மகள் நாகர்கோவிலில் சக்கர ஸ்கேட்டிங் கற்கிறாள். ஐஸ் ஸ்கேட்டிங் பார்த்துவிட்டு அதுதான் வேணும் என்று அழுகிறாள். இங்கே இருந்துகொண்டு வழி உண்டா?
– ஒரு தாய், வடசேரி

உண்டு, அக்கா. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்று ஓர் ஊர், வெயில் ஊர், பனி கிடையாது. அங்கே சக்கர ஸ்கேட்டிங் ஆடி வளர்ந்த எரின் ஜாக்சன், பனியில் நாலே மாதப் பயிற்சியோடு 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், 2022-ல் 500 மீட்டர் வேக ஸ்கேட்டிங்கில் தங்கமே வாங்கினார். அந்தத் தங்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தகுதிச் சுற்றில் எரின் கால் இடறி மூன்றாவதாக வந்ததால் இடம் போய்விட்டது. முதலில் வந்த பிரிட்டனி போவும் அதே ஒகாலாக்காரர். "என் இடத்தை அவளுக்குக் கொடுங்கள்" என்று விட்டுக்கொடுத்தார். கடைசியில் கூடுதல் இடம் ஒன்று கிடைத்து அவரும் அதே பந்தயத்தில் ஓடினார்.

மகளுக்கு இப்போதைக்குச் சக்கரமே போதும். குனிந்து உட்காருகிற நிலை, ஒரு காலில் எடையைத் தாங்கிப் பக்கவாட்டில் தள்ளுவது, வளைவில் காலைக் குறுக்கே போடுவது, எல்லாம் ரெண்டுக்கும் பொது.

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். ரூபோல்டிங்கில் பயத்லான் உலகக் கோப்பைப் போட்டி பார்க்கப் போனேன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்து வேலி ஓரம் நின்றேன். ஒரு வீராங்கனை கோட்டைத் தாண்டி என் காலடியில் விழுந்தார். மூக்கிலும் தாடையிலும் எச்சில் உறைந்து வெள்ளையாக நின்றது. நான் போனை நீட்டிப் படம் எடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசுபத்திரியில் ஒரு நோயாளியை அப்படி எடுத்திருப்பேனா என்று அன்றிலிருந்து உறுத்துகிறது. நான் செய்தது தப்பா?
– செவிலியர், கருங்கல் (லீவில் வந்திருக்கிறார்)

தப்புதான், தங்கச்சி. ஆனால் பெரிய தப்பு இல்லை, உறுத்துகிறது என்றாலே பாதி சரியாகிவிட்டது.

பயத்லான் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு பனிச்சறுக்குப் பலகையில் பாய்ந்து வந்து, இதயம் அடித்துக்கொள்ளும்போதே மூச்சை நிறுத்தி 50 மீட்டர் தள்ளியிருக்கிற ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் வெறும் 45 மில்லிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம் அளவு. தப்பினால், பல பந்தயங்களில் குண்டுக்கு 150 மீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அப்படி ஓடி முடித்தவர் உடம்பில் அந்த நேரம் ஒன்றும் மிச்சம் இருக்காது. வெட்கப்படக்கூடத் தெம்பு இல்லாத நிமிஷம் அது. அதைப் போட்டிக்கு வந்த டிவி எடுக்கலாம், அது ஒப்புக்கொண்ட ஏற்பாடு. வேலி ஓரம் கையெட்டும் தூரத்தில் நிற்கிறவர் கொஞ்சம் பொறுக்கலாம். அடுத்த தடவை கை தட்டுங்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு "அருமை" என்று சொல்லுங்கள், அவர் எழுந்து துடைத்துக்கொண்டு சிரித்தால் அப்புறம் போனை எடுங்கள்.

அந்தப் படம் இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். அந்த உறைந்த எச்சில் உங்களுக்கு எப்படியும் மறக்காது.

நம்ம மாவட்டத்தில் பெரிய பிளேயர் யாரையாவது நேரில் பார்க்க முடியுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், மார்த்தாண்டம்

தம்பி, பஸ் ஏறிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ், இரவிபுத்தன்துறைக்காரர். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று அந்தக் கரை முழுக்கப் பந்து விளையாடாத வீடு கிடையாது. லீவில் வரும் வீரர்கள் ஊரில் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டியில் இறங்குவார்கள். மத்தியானமே போனால் கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

நான் கிட்டத்தில் பார்த்ததையும் சொல்கிறேன். அப்படி ஒரு செவன்ஸில், வெளிமாநில அணிக்கு ஆடுகிற ஒருத்தர் முதல் பாதி முடிந்ததும் கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஃபைபர் வள்ளத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். சாக்ஸைக் கழற்றினார். பெருவிரல் நகம் ரெண்டும் கறுத்திருந்தது, கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. "மக்கா, கொஞ்சம் ஐஸ் எடுத்துட்டு வா" என்றார். உன் வயசுப் பையன் ஒருத்தன் ஏலக்கூடத்துக்கு ஓடி, மீன்பெட்டியிலிருந்து ரெண்டு கை அள்ளி ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தான். ஐஸோடு சாளைச் செதில் ஒட்டியிருந்தது. அவர் அதை அப்படியே காலில் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் கடலைப் பார்த்தபடி இருந்தார், பையன் நகராமல் பக்கத்திலேயே நின்றான். விசில் ஊதியதும் கவரை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஆட்டம் முடிகிறவரை அவன் அதைக் கீழே வைக்கவில்லை, ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.