9000 லூமென்ஸ் புரொஜெக்டர், விளக்கு போட்டால் ஏன் வெளுக்கிறது?

வகுப்பறையில் விளக்கு போட்டால் புரொஜெக்டர் படம் வெளுக்கிறது, திரையை மாற்றலாமா என்றால், திரையை மாற்றுவதால் இது தீராது. புரொஜெக்டரின் வெளிச்சம்தான் போதவில்லை. பெட்டியில் 9000 லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று இருந்தும் விளக்கு போட்டால் அட்டவணைக் கோடுகள் மறைகின்றன என்றால், அந்த 9000 பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்ஈடி விளக்கின் கணக்கு. லென்ஸைத் தாண்டி வெளியே வருவது அதில் சின்னப் பங்குதான். வாங்கும்போது பார்க்க வேண்டியது, வெளியே வரும் வெளிச்சத்தை அளந்து சொல்லும் ஆன்சி லூமென்ஸ் அல்லது ஐஎஸ்ஓ 21118 என்ற தர அளவு.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, அறை விளக்குகளை எரியவிட்டுத் திரையைப் பாருங்கள். அந்த வெண்மைதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கருப்பு! எந்த புரொஜெக்டராலும் அதைவிட இருட்டாகக் காட்ட முடியாது. பிறகு புரொஜெக்டரைப் போட்டு, திரைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கை மட்டும் அணைத்தாலே எழுத்து எவ்வளவு தெளிகிறது என்று பாருங்கள். அப்புறம் ஈகோ மோடு (வெளிச்சத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு, விளக்கு எரியும் வகுப்பறையில், 3500 ஆன்சி லூமென்ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். நேட்டிவ் ரெசல்யூஷனையும், அதாவது புரொஜெக்டர் உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். "1080பி சப்போர்ட்" என்று போட்டிருந்தாலும் உள்ளே 800×480 ஆக இருக்கலாம். அதில் சின்ன எழுத்து படிக்க வராது.

த்ரோ ரேஷியோ (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் புரொஜெக்டரை வைக்க வேண்டும் என்பது) 1.5 என்றால் அதே 2 மீட்டர் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும்.

ஒன்று மட்டும்: ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழுந்தால் இந்த வெளிச்சமும் போதாது. அங்கே திரைச்சீலைதான் வழி, இல்லையென்றால் பெரிய டிவி.