லீவ் லெட்டர் மட்டும் எழுதித் தராதீங்க

கோயமுத்தூரிலிருந்து டெக்சஸ் மாநிலத்து ஃப்ரிஸ்கோவுக்கு வந்து ஐந்து மாதமான ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "அக்கா, என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேணும்னு வர்ற வெள்ளிக்கிழமை பசங்க எல்லாரும் வகுப்பை விட்டு வாக்அவுட் போறாங்களாம். தானும் போகணும்ங்கறா. இவ்வளவு தூரம் வந்ததே அவ படிப்புக்காகத்தான். ரெக்கார்டுல ஏறுமா? நாங்க எச்1பி வேலை விசா, அவ எங்களைச் சார்ந்து எச்4. விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா? விடலாமா, வேண்டாமா?"

விடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நான் போய்விட்டால் வியாழக்கிழமை ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம். 2004ல் வர்ஜீனியா வந்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே அரசுப் பள்ளிகளில் சப்ஸ்டிட்யூட் டீச்சர். லீவு போட்ட ஆசிரியைக்குப் பதிலாக ஒரு நாள் இந்தப் பள்ளி, மறுநாள் அந்தப் பள்ளி.

வாக்அவுட் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது நம்ம ஊர் ஸ்டிரைக். காலேஜ் வாசலில் நாலு பேர் கோஷம் போடுவார்கள், பத்து மணிக்கு லீவ் விடுவார்கள், பதினொன்றரைக்குத் தியேட்டர் வாசலில் நிற்போம். எதற்கு ஸ்டிரைக் என்று இடைவேளையில்தான் விசாரிப்போம். நான் அந்த ரகம். உங்கள் வயதுக்கு 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் நின்றிருக்கவும் கூடும். அப்படி நின்றிருந்தால் உங்கள் பொண்ணைப் புரிந்துகொள்வது எனக்கு இருந்ததைவிட உங்களுக்குச் சுலபம்.

இந்த ஊர் வாக்அவுட்டுக்கு டைம்டேபிள் உண்டு. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லாண்டில் மார்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒரு முன்னாள் மாணவன். பதினான்கு பேர் மாணவர்கள், மூன்று பேர் பள்ளி ஊழியர்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 14, காலை பத்து மணிக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். பதினேழு பேருக்குப் பதினேழு நிமிஷம். முடிந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பி வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது என் மகள் ஒன்பதாவது. முதல் நாள் ராத்திரி என்னிடம் வந்து கேட்டாள். நான் மறுக்கவில்லை, என் புத்தியைக் காட்டினேன். நாம் எல்லோரும் ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தது லீவ் லெட்டர்தானே? 'எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால்' என்று தொடங்கும், பாட்டி எத்தனை தடவை செத்தாலும் கைகொடுக்கும். அதே பழக்கத்தில், பத்து மணிக்குப் பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வருகைப் பதிவிலும் கறை படாது, போராட்டத்துக்குப் போன மாதிரியும் ஆச்சு என்பது கணக்கு.

அவள் வாங்கவில்லை. "அம்மா, இது பொய்தானே? பல்லுக்குன்னு எழுதிட்டு அங்க போய் நின்னா, அப்புறம் எதுக்கு நிக்கணும்?" என்றாள். லெட்டர் இல்லாமல் போனாள். அன்எக்ஸ்கியூஸ்ட், அதாவது ஏற்கத்தக்க காரணமில்லாமல் வரவில்லை என்று ஏறியது. அந்தப் பதினேழு நிமிஷத்தில் கணக்கு வகுப்பில் ஒரு சின்ன வினாடி வினா இருந்திருக்கிறது. வெளியே போனவர்களுக்கு மறு தேர்வு கிடையாது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார், சொன்னபடி பூஜ்யம் போட்டார். அந்தக் காலாண்டில் அவளுக்குக் கணக்கில் பி பிளஸ். என் வீட்டுக்காரர் அந்த பி பிளஸ்ஸை இன்னும் மறக்கவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் புலம்பியதில்லை.

பார்க்லாண்ட் நடந்த மூன்றாம் நாள் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு கூட்டம். அதே பள்ளி மாணவர் கொன்சாலஸ் அழுதுகொண்டே பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் வைத்திருந்த தாள்களைக் காட்டி, இதெல்லாம் என் அரசியல் பாடக் குறிப்புகள் என்று அந்தப் பேச்சிலேயே சொல்வார். ஃப்ளோரிடாவில் நடுநிலைப் பள்ளியிலேயே குடிமையியல் கட்டாயப் பாடம், மாநிலத் தேர்வும் உண்டு. சட்டம் எப்படி உருவாகிறது, பிரதிநிதிக்கு எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள்தான் நிஜத்தில் செய்து பார்த்தார்கள். மார்ச் 9ஆம் தேதி, துப்பாக்கிக்கு ரொம்பவே இணக்கமான அந்த மாநிலத்தின் ஆளுநர் ரிக் ஸ்காட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி வாங்கக் குறைந்த வயது 21, வாங்கிக் கையில் பெற மூன்று நாள் காத்திருப்பு, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் அதிகாரம். இருபத்து மூன்றே நாளில் நடந்தது இது. படிப்புக்காகத்தானே வந்தோம் என்கிறீர்கள். இதுவும் அந்தப் படிப்பில் ஒரு பாடம்தான், ஃபீஸ் கொஞ்சம் அதிகம்.

அவள் எதற்குப் போகிறாள் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவளிடம் லாக்டவுன் டிரில் பற்றிக் கேளுங்கள், துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் ஒளிந்துகொள்வதற்கான ஒத்திகை அது. அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள். இந்தப் பிள்ளைகள் இதை மழை, வெயில் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தடவை இரண்டாம் வகுப்பில் இருந்தேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முன்னால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கதவைப் பூட்டி, கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாளை இறக்கி, விளக்கை அணைத்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரோரம் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்தோம். மூச்சு விடக் கூடாது. வெளியே யாரோ வந்து கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார்கள், பள்ளிக்கூட ஆட்கள்தான், பூட்டியிருக்கிறதா என்று சோதிக்க. அந்த நேரம் பார்த்து ஒரு பையனுக்கு விக்கல். பக்கத்திலிருந்த சிறுமி யாரும் சொல்லாமலே தன் உள்ளங்கையால் அவன் வாயை அழுத்திப் பொத்தினாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும். விளக்கு வந்த பிறகு அந்தப் பையன் வகுப்பைப் பார்த்து ஸாரி, ஸாரி என்று அழுதான். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அன்று சாயங்காலம் கார் பார்க்கிங்கிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது நமக்கு நடக்காது என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. நல்ல ஏரியா, நல்ல ஸ்கூல் ரேட்டிங் பார்த்துத்தானே வீடு எடுத்தோம்? நான் வந்து மூன்றாவது வருஷம், 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கோபிச்செட்டிப்பாளையத்தை அடுத்த கரட்டடிபாளையம். நாரிஸ் ஹாலில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "கோபிக்காரராமே, பாடம் நடத்திக்கிட்டு இருந்தாராமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உங்கள் டெக்சஸிலேயே, ஹூஸ்டனுக்கும் கால்வெஸ்டனுக்கும் நடுவில் சான்டா ஃபே என்ற ஊர். 2018 மே 18, உயர்நிலைப் பள்ளியில் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருத்தி கராச்சியிலிருந்து பரிமாற்ற மாணவியாக ஓராண்டுக்கு வந்திருந்த பதினேழு வயதுப் பெண். ஈத் பண்டிகைக்கு வீடு திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. சுட்டவன் கொண்டு வந்தது அப்பாவின் துப்பாக்கிகளை. (உங்கள் பொண்ணு தோழி வீட்டுக்குத் தூங்கப் போகும்போது, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். அலர்ஜி இருக்கிறதா என்று கேட்பது போல இதையும் கேட்கும் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள்.) அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஒபாமா காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த ஆர்னி டங்கன், சட்டம் மாறும் வரை பெற்றோர் யாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பக் கூடாது என்ற யோசனையை ஆதரித்தார். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாடே பள்ளியில்தான் என்றிருக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். பதினேழு நிமிஷத்தைக் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்தையே கொடுத்துவிட முடியாது.

இனி உங்கள் கேள்விகள். ரெக்கார்டு பயம் பாதிக்கு மேல் வீண். 1965ல் அயோவாவின் டி மாய்னில் வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை கட்டி வந்த பிள்ளைகளைப் பள்ளி சஸ்பெண்ட் செய்தது. 1969ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில், பள்ளி வாசலோடு மாணவரின் பேச்சுரிமை போய்விடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் பட்டை கட்டி வகுப்பில் உட்காருவது வேறு, எழுந்து வெளியே போவது வேறு. வகுப்பைத் தவறவிட்டதற்குப் பள்ளி தண்டிக்கலாம். எதற்காகப் போனாள் என்பதைப் பார்த்து, மற்ற நாள் கட் அடித்தவனுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்கத்தான் கூடாது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கள் வர்ஜீனியாவில் 2021 சட்டப்படி குடிமை நிகழ்ச்சிக்கென்று வருஷத்துக்கு ஒரு நாள் அனுமதியோடு போகலாம், கலிஃபோர்னியாவிலும் அப்படியொன்று வந்துவிட்டது. டெக்சஸில் தேர்தல் பணிக்கும் குடியுரிமைப் பிரமாணத்துக்கும் லீவு உண்டு, இதற்கென்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணமே தினசரி வருகையை வைத்துத்தான், அதனால் நிர்வாகம் கடுகடுவென்று இருப்பதற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை. 2018ல் நீட்வில் என்ற டெக்சஸ் ஊரில், வெளியே போனால் மூன்று நாள் சஸ்பென்ஷன், பெற்றோர் கடிதமும் செல்லாது என்று அந்தப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் எழுதியே போட்டார். ஆர்கன்சாவின் கிரீன்பிரையரில் வெளியே போன மூன்று பேர் பலகையால் அடி வாங்கினார்கள். ஆமாம், அமெரிக்காவில்தான். டெக்சஸிலும் சட்டம் அதை அனுமதிக்கிறது, பல பள்ளி மாவட்டங்கள் தாங்களாகவே விட்டுவிட்டன. வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். வாக்அவுட் இருக்கட்டும், அதை முதலில் விசாரியுங்கள்.

ஒரு அன்எக்ஸ்கியூஸ்ட் எதையும் கெடுக்காது. டெக்சஸில் ஒரு பாடத்துக்கு கிரெடிட் கிடைக்க 90 சதவீத வருகை வேண்டும், கோர்ட் வரை போவது ஆறு மாதத்தில் பத்து நாள் காரணமில்லாமல் வராதபோது. காலேஜ் விஷயமும் அப்படித்தான். 2018லேயே எம்ஐடி, யேல், பிரவுன் போன்றவை, அமைதியான போராட்டத்துக்காகத் தண்டனை வாங்கியவர்களின் சேர்க்கை பாதிக்காது என்று அறிவித்தன. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்திலிருந்து ஒழுங்கு நடவடிக்கைக் கேள்வியையே பிறகு எடுத்துவிட்டார்கள். சில கல்லூரிகள் தனியாகக் கேட்கும், கேட்டால் உள்ளதை எழுத வேண்டியதுதான்.

விசா விஷயத்தில் மட்டும் நான் வாய்ஜாலம் காட்ட மாட்டேன். தண்டனையாகப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் டிடென்ஷனுக்கும் எச்4க்கும் சம்பந்தமில்லை. கைது என்று ஒன்று வந்தால் கதை வேறு. 2025ல் பல்கலைக்கழகப் போராட்டங்களில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவையே ரத்து செய்தார்கள், இன்றைய காற்று அப்படி. அதனால் அவளிடம் ஒரு கோடு கிழித்துச் சொல்லுங்கள்: பள்ளி வளாகத்துக்குள் நிற்கலாம், ரோட்டுக்கு இறங்கக் கூடாது, போலீஸ் கலையச் சொன்னால் அந்த நொடியே கலைய வேண்டும். தோழிகள் ரோட்டுக்குப் போகிறார்கள் என்றால் அவள் திரும்பி வகுப்புக்கு வர வேண்டும். இது அநியாயம் என்பாள். அநியாயம்தான், கிரீன் கார்டு வரும் வரைக்கும் அப்படித்தான் என்று சொல்லுங்கள். இதற்கு மேலும் பயமிருந்தால் கணவரின் கம்பெனி இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மெயில் போடுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி அவளோடு உட்கார்ந்து பள்ளியின் ஸ்டூடண்ட் ஹேண்ட்புக்கைத் திறந்து அட்டெண்டன்ஸ் பக்கத்தைப் படியுங்கள். அந்த நேரத்தில் எந்தப் பாடம், டெஸ்ட் உண்டா, என்ன தண்டனை என்று அவளே எழுதட்டும். எழுதிப் பார்த்த பிறகும் போகிறேன் என்றால் போகட்டும். வேண்டாம் என்றாலும் கேலி செய்யாதீர்கள். எல்லோரும் போகும்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் லேசில்லை. உங்கள் மாநிலத்தில் இப்போது பள்ளி நேரத்தில் போனைத் தொடக் கூடாது, அதனால் பள்ளி விடுவதற்கு முன்னால் அவளிடமிருந்து தகவல் வராது. பதறிப் போய்ப் பள்ளி வாசலில் நிற்காதீர்கள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு போன் வரக்கூடும். பதிவு செய்த குரல், உங்கள் பிள்ளை இன்று ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு வரவில்லை என்று உயிரில்லாமல் ஒப்பிக்கும். உங்கள் வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவர்தான் போனை எடுத்தார். அன்றைக்கு ரசத்தை மூன்று தடவை சூடு பண்ணினேன்.