கோபுரத்தை எங்கே வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பதினான்கு ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவைச் சென்ற மாதம் இங்குள்ள அருங்காட்சியக வட்டாரத்துக்கு அழைத்துச் சென்று ஆசியாவை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தும் அமைப்பான ஆசியா சொசைட்டியின் கட்டடத்தைக் காட்டினேன். பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்குச் சற்று வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கு, ஆசியா எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு பண்பாட்டு மையம் கட்டலாமா என்று பேசி வருகிறோம். முகப்பில் சிறிய கோபுரமாவது வேண்டும், பார்த்தவுடன் தமிழருடையது என்று தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இளைஞர்கள் எதிர்க்கிறார்கள். ஆசியர்கள் புழங்கும் ஹில்கிராஃப்ட், பெல்லேர் பக்கம் கட்டாமல் வசதி படைத்தவர்களின் வட்டாரத்தில் ஆசிய மையத்தைக் கட்டியதும், அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் தொடங்கிய அந்த அமைப்பு ஆசியாவைப் பற்றி நமக்கே விளக்குவதும் எனக்கு உறுத்துகின்றன. இப்படியொரு மையத்தைத் திட்டமிடும்போது முதலில் எதை யோசிக்க வேண்டும்? பரதம் கற்கும் என் மகளைப் போன்ற குழந்தைகள் அங்கே வருவார்களா?

அன்புடன்
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கட்டடம் கட்டுவதற்கு என்னிடம் யோசனை கேட்கும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தேன். அங்குள்ள சிவப்புக் கட்டடத்தின் முகப்பைப் பற்றி மனத்துக்குள் எவருடனோ வாதாடிக்கொண்டிருந்த வேளையில் நீங்கள் வந்து அகப்பட்டுக்கொண்டீர்கள்.

ராக்ஃபெல்லர் உறுத்தலை முதலில் ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1956இல் நியூயார்க்கில் அந்த அமைப்பைத் தொடங்கியபோது அன்றைய அமெரிக்காவுக்கு ஆசியாவின்மேல் ஒரு கணக்கு இருந்திருக்கும், இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகள்கூடச் சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வத்தை ஒளிவுமறைவின்றிக் கணக்கெழுதி வைத்திருக்கின்றன. அதற்காக நாம் அங்கே போகாமல் இருக்கிறோமா? இடத்தைப் பற்றிய உங்கள் குறையும் பாதிதான் சரி. 2010இல் காந்தியின் பெயர் சூட்டப்பட்ட ஹில்கிராஃப்ட் கடைவீதிக்குப் புடவை எடுக்கவும் தோசை சாப்பிடவும் நம்மவர்கள் எப்படியும் போவார்கள். நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் நடந்து போகும் தொலைவில், அந்த நகரம் தன் மதிப்புக்குரியவற்றையெல்லாம் வரிசையாக வைத்திருக்கும் வட்டாரத்தில், ஆசியாவுக்கும் ஓர் இடம் கேட்டு வாங்கியது தப்பில்லை. அங்கே சும்மா தூக்கிக் கொடுத்துவிடவுமில்லை. பார்பரா புஷ்ஷும் ராய் ஹஃபிங்டனும் அமைப்பின் டெக்சாஸ் கிளையைத் தொடங்கியது 1979இல். கட்டடம் திறந்தது 2012 ஏப்ரலில். 33 ஆண்டுகள் தனக்கென்று எழுப்பிய கட்டடம் இல்லாமலே ஓர் அமைப்பு நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தது என்பதை உங்கள் கூட்டத்தில் அடுத்த முறை எவராவது அவசரப்பட்டால் சொல்லுங்கள்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளைவிட அது நல்ல கேள்வி.

நானும் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஜுரா சுண்ணாம்புக்கல், அமெரிக்கச் செர்ரி மரம், கண்ணாடி, இவற்றைத் தவிர கண்ணில் படும் பொருள் எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்து வீடுகளை மிரட்டாத உயரம். மாடியில் தண்ணீர்த் தோட்டம். அதன்மேல் மெல்லிய பனிமூட்டம் எழுந்து பரவ, அதற்கு அப்பால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் தெரிகின்றன. பகோடாக் கூரை இல்லை, சிங்கமுகம் இல்லை, தாமரை இல்லை. ஆசியாவைப் பறித்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கும் இந்த மொட்டைக் கூரைக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோபுரம் பற்றிக் கட்சி கட்டுவது நியாயமில்லை.

டோக்கியோவில் உவேனோ பூங்காவுக்குள் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைக் கட்டடத்துக்கு 1930களின் தொடக்கத்தில் வடிவமைப்புப் போட்டி நடந்தது. ஜப்பானிய ரசனையை அடிப்படையாகக் கொண்ட கீழைத்தேயப் பாணியில் கட்டடம் அமைய வேண்டும் என்பது போட்டியின் விதி. நவீனக் கட்டடக்கலையின் முன்னோடியான லெ கொர்புசியேவிடம் வேலை பார்த்துத் திரும்பியிருந்த மாயேகவா குனியோ என்ற இளைஞர், அந்த விதியை வேண்டுமென்றே மீறி நவீனமான ஒரு வரைபடத்தைக் கொடுத்துத் தோற்றார். வென்ற வடிவம் இன்றும் அங்கே நிற்கிறது: கான்கிரீட் உடம்பு, அதன்மேல் கவிழ்த்த ஓட்டுக் கூரை. அந்தக் காலத்து ஜப்பானில் அரசு விரும்பிய தோற்றம் அது. நாடு போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அரசாங்கக் கட்டடங்கள் பலவற்றின் தலையில் இப்படித்தான் கூரை ஏறியது.

அந்தக் கட்டடம் 1937இல் முடிந்தது. அதே ஆண்டில் பிறந்தவர் யோஷியோ தனிகுச்சி, ஹூஸ்டன் கட்டடத்தை வடிவமைத்தவர். அவருடைய தந்தை யோஷிரோ தனிகுச்சியும் கட்டடக் கலைஞர். சீனா, கொரியா, இந்தியா, ஏன் எகிப்து வரைக்குமான பொருள்களை வைப்பதற்கென்று உவேனோவின் அதே வளாகத்தில் 1968இல் திறக்கப்பட்ட டோயோகான் என்னும் ஆசியக் கலைக்கூடம் தந்தை வடிவமைத்தது. 1999இல், அதே வளாகத்தின் இன்னொரு பக்கத்தில், ஹோர்யூஜி கோவிலின் பழம்பொருள்களுக்கான கூடத்தை மகன் கட்டினார். முன்னால் ஒரு தண்ணீர்ப் பரப்பு, மெலிந்த தூண்கள், தட்டையான விதானம், அவ்வளவுதான். 2004இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தை அவர் விரித்துக் கட்டியது உலகத்துக்கே தெரியும். ஆசியாவுக்குக் கட்டடம் கட்டுவது என்றால் என்ன என்ற கேள்வியை அப்பாவும் பிள்ளையும் ஒரே முற்றத்தில் முப்பது ஆண்டு இடைவெளியில் யோசித்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவரிடம் போய் "ஐயா, ஒரு பகோடாக் கூரை" என்று கேட்டிருந்தால் அவர் மரியாதையாக எழுந்து போயிருப்பார். 2024 டிசம்பரில் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தத் தண்ணீர்த் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது.

இது ஜப்பானியரின் பிரச்சினை, நமக்கென்ன என்று சொல்லிவிடாதீர்கள். எழும்பூருக்கு வாருங்கள். பாந்தியன் சாலையில், நம் சோழச் செப்புத்திருமேனிகள் இருக்கும் அதே வளாகத்தில், ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் வடிவமைத்து 1906இல் அடிக்கல் நாட்டப்பட்ட கலைக்கூடத்தின் முகப்பு எதைப் போல இருக்கிறது? ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய பெருவாசலைப் போல. வெள்ளைக்காரருக்கு இந்தியத் தோற்றம் தேவைப்பட்டது. வடக்கே ஒரு வாசலைப் பார்த்தார்கள். பெயர்த்துக் கொண்டுவந்து சென்னையில் ஒட்டினார்கள். உயர் நீதிமன்றத்தின் குவிமாடங்களும் அந்தக் கணக்கில் வந்தவைதான். அழகாக இல்லையா என்றால், அழகாகத்தான் இருக்கின்றன, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த முகப்புக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும், அந்த ஊருக்கும், அதன் வெயிலுக்கும் என்ன உறவு? உள்ளூர் அடையாளம் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர் ஒன்றை முடிவு செய்து முகப்பில் மாட்டிய பழக்கம் அது. நூறு ஆண்டு கழித்து அந்த வெள்ளைக்காரரின் கண்ணால் உங்களையே பார்த்து, "பார்த்தவுடன் தமிழருடையது என்று தெரிய வேண்டும்" என்கிறீர்கள். யார் பார்த்தவுடன்? நெடுஞ்சாலையில் காரில் போகிறவருக்காகவா நீங்கள் மையம் கட்டுகிறீர்கள்?

கோபுரம் என்ன செய்கிறது என்றாவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அது வாசல். மதிலும் பிராகாரமும் உள்ள ஒரு வளாகத்துக்குள் நுழையும் வழியின்மேல் எழுந்து நிற்பது. தஞ்சையில் கருவறைமேல் உள்ள விமானம் ஓங்கி நிற்க, வாசல் கோபுரங்கள் அடங்கி நிற்கின்றன. உங்கள் மதுரையில் வாசல்கள் வானத்தைத் தொட, கருவறை விமானம் உள்ளே சிறிதாக இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளில் நம் ஆட்களே தலைகீழாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றால், ஒரே ஒரு தமிழ்த் தோற்றம் என்று எதைப் பிடித்து ஃபைபரில் வார்த்து வாகன நிறுத்துமிடத்துக்கு முன்னால் வைக்கப் போகிறீர்கள்? கோபுரம் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஊரை ஒட்டிய பியர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போங்கள். 1979இல் சிறிய பிள்ளையார் கோவிலாகத் தொடங்கி, 1982இல் மீனாட்சிக்குக் குடமுழுக்கு நடத்தியவர்கள் அதை இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது என்று தெரிகிறது. இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு.

என் அப்பா மேஸ்திரி. எங்கள் சிற்றூரில் 1970களின் நடுவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பணம் கொடுத்து ஒரு படிப்பகம் கட்டினார். தமிழ்ப் பண்பாடு தெரிய வேண்டும் என்று முகப்பில் கைப்பிடிச் சுவரின்மேல் சிமெண்டில் ஒரு யாளி வேண்டும் என்றார். மொட்டை மாடியின் வாட்டம் முகப்புப் பக்கம். மழைத்தண்ணீர் இறங்க வேண்டிய குழாய் வாய் சரியாக அந்த இடத்தில்தான் வர வேண்டும். "மொதல்ல தண்ணி போற வழியச் சொல்லுங்க, யாளிய அப்புறம் வெச்சுக்கலாம்" என்று அப்பா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பணம் கொடுப்பவர் முன்னால் மேஸ்திரியின் பேச்சு எடுபடுமா? குழாயை மூலைக்குத் தள்ளினார்கள், யாளி ஏறியது. முதல் ஐப்பசியிலேயே மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் ஆண்டு சுவர் ஓதம் குடித்து, அலமாரியில் இருந்த புத்தகங்கள் பலகையோடு ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அப்பா கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கூலி ஒரு பைசா இல்லாமல், மாடியேறி இலைதழையை அள்ளிக் குழாய் வாயைத் திறந்துவிடுவார். ஏன் போகிறீர்கள் என்று அம்மா சண்டை போடுவார். "நான் வெச்ச செங்கல்லுடி" என்பார். நான் படித்த முதல் நூறு புத்தகங்களின் ஓரங்களில் பழுப்பு நிறத்தில் ஈரக்கறை இருக்கும். யாளி மட்டும் நன்றாக இருந்தது.

ஆகவே முதலில் எதை யோசிக்க வேண்டும் என்றால், தண்ணீரை. ஹூஸ்டன்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் ஆலிசன் புயலும் 2017இல் ஹார்வி புயலும் எதை எதை மூழ்கடித்தன என்று உங்கள் ஊரே சொல்லும். நிலம் பார்க்கும்போது அங்கே கடைசி வெள்ளம் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் மகளின் முழங்கால். ஆசியா சொசைட்டியின் அரங்கில் 273 இருக்கைகள். உங்களுக்கும் அந்த அளவு போதும், ஆயிரம் பேர் மண்டபம் என்று கனவு காணாதீர்கள். ஆனால் மேடைத் தளத்தைப் பற்றி இன்றே பேசுங்கள். கான்கிரீட்டின்மேல் பளிங்கு ஒட்டிய மேடையில் பத்து வருடம் தட்டுகிற குழந்தையின் கால் என்ன ஆகும் என்று எந்த நடன ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். கீழே வெற்றிடம் விட்டு, மரச்சட்டத்தின்மேல் பலகை பரப்பிய தளம் வேண்டும். குத்துவிளக்கு ஏற்றினால் அபாயமணி அலறாதபடி எந்த இடத்தில், என்ன ஏற்பாட்டில் ஏற்றலாம் என்பதை வரைபடம் எழுதும்போதே தீயணைப்புத் துறையிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் மின்சார விளக்குதான் கிடைக்கும். சமையலறைக்குப் புகைபோக்கி போடாமல் தாளிக்க முடியாது. பக்கவாத்தியக்காரர் சம்மணமிட்டு உட்கார ஒரு மணைமேடை. இவை எதுவும் வெளியிலிருந்து தெரியாது.

குழந்தைகள் வருவார்களா என்றால், ஒத்திகை பார்க்க இடமும் சாயங்காலம் சாவியும் கொடுத்தால் வருவார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கடைசியாக, அப்பாவின் செருப்பு. வெட்கப்பட்டதாக ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. அந்தக் கல்லையும் மரத்தையும் தண்ணீரையும் பார்த்தவுடன், இது செருப்போடு போகிற இடமில்லை என்று எழுபது வயது மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. ஆசியா எங்கே என்று அவர் உங்களிடம் கேட்டிருக்கக் கூடாது, நீங்கள்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மையத்தின் வாசலில் முந்நூறு ஜோடி வைக்க அடுக்கும், முதியவர்கள் உட்கார்ந்து கழற்றி மாட்ட ஒரு பெஞ்சும் போடுங்கள். அப்பா இன்னும் ஊர் திரும்பவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போய், அந்தப் பெஞ்சு எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்